வாடகை வீட்டை விட்டு லயத்துக்கு: வெளிநாடு போகக் காசு சேர்ப்போர் போட வேண்டிய கணக்கு

"டவுன் வீட்ட உட்டுட்டு அம்மா லயத்துக்கே போயிடலாம்னு பாக்குறோங்க. வாடகைக் காசு மிஞ்சினா ஒரே வருஷத்துல கட்டாருக்கு ஏறிடலாம்."

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாங்கள் தோட்டங்களுக்குப் போகும்போது அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது. தோட்டத்தில் பிறந்து, டவுனில் வேலை தேடி, அங்கேயே ஒரு வாடகை வீடு பிடித்துக் குடும்பம் நடத்துகிற பிள்ளைகள் இன்று பலர். அவர்களில் ஒருவர் வெளிநாடு போக நினைக்கிறார். வட்டிக்கு வாங்கவோ மனைவியின் தாலிக்கொடியை அடகு வைக்கவோ மனசில்லை. செலவைச் சுருக்கிச் சேர்த்துக்கொண்டு போவோம் என்கிறார். நல்ல யோசனை. கடனில் ஏறிப் போனவருடைய முதல் வருஷச் சம்பளம் வட்டிக்கே போய்விடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனாலும் வீட்டைச் சுருக்கினால் எவ்வளவு மிஞ்சும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள் குறைவு. இம்முறை அந்தக் கணக்கைச் சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.

ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவர் ஹட்டனில் ஒரு கடைக்கு வேன் ஓட்டுகிறார். மனைவி தையல் வேலை. ஒரு மகள், டவுன் பள்ளியில் எட்டாம் வகுப்பு. வீட்டு வாடகை மாதம் 22,000 ரூபாய். ஆறு மாத அட்வான்ஸ் 132,000 ரூபாய் வீட்டுக்காரரிடம் இருக்கிறது. கணவரின் அம்மாவும் தம்பி குடும்பமும் தோட்டத்து லயத்தில் இருக்கிறார்கள். இவர்கள் மனதுக்குள் போட்ட கணக்கு இப்படி: மாதம் 22,000, பன்னிரண்டு மாதத்துக்கு 264,000. அதோடு அட்வான்ஸ் காசையும் சேர்த்தால் 396,000 ரூபாய். "சரியாப் போச்சு, கிளம்பலாம்!"

கொப்பியை எடுத்து மெதுவாக எழுதுவோம். டவுனில் வாடகை 22,000, கரண்ட், தண்ணீர் 4,500, கேஸ் 3,700. மொத்தம் 30,200. லயத்துக்குப் போனால் கரண்ட் பில்லில் பங்கு 1,500, விறகுக்கும் கேஸுக்கும் 1,800, அம்மா கையில் மாதாமாதம் 3,000. இதோடு முடிந்ததா? இரண்டு பேர் வேலைக்கும் மகள் பள்ளிக்கும் தினமும் பஸ் ஏற வேண்டும். அது 9,000. ஆக 15,300 ரூபாய். அப்படியானால் மாதம் உண்மையில் மிஞ்சுவது 22,000 அல்ல, 14,900 ரூபாய்தான். பன்னிரண்டு மாதத்துக்கு 178,800.

அட்வான்ஸுக்கு வருவோம். வீட்டுக்காரர் அதை முழுசாகத் திருப்பித் தருவார் என்று நம்பி இருக்க வேண்டாம். சுவருக்குப் பெயின்ட், உடைந்த பைப், கட்டாத பில் என்று 22,000 கழித்தால் 110,000 கைக்கு வரும். சாமான் ஏற்ற லொறிக்கு 12,000. லயத்தில் பின்பக்கம் தகரம் போட்டு ஒரு தடுப்பு அடிக்க 45,000. மிச்சம் 53,000. அதை 178,800உடன் கூட்டினால் 231,800.

இன்னொன்றையும் நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். அவர் விமானம் ஏறிய நாளோடு வேன் ஓட்டிய சம்பளம் நின்றுவிடும். வெளிநாட்டுச் சம்பளம் அடுத்த மாதமே வந்துவிடும் என்று சொல்ல முடியாது. மூன்று மாதத்துக்கு வீட்டில் மாதம் 25,000 குறையும் என்று வைத்தால் 75,000 ரூபாயைத் தொடாமல் வைத்துவிட்டுப் போக வேண்டும். அது போகப் பயணத்துக்கென்று கையில் நிற்பது 156,800 ரூபாய். நினைத்ததோ 396,000!

இதைச் சொல்வது யாரையும் பயமுறுத்துவதற்கு அல்ல. 156,800 ரூபாயும் கடனில்லாத காசு. போதாவிட்டால் இன்னும் ஆறு மாதம் இருந்தால் 89,400 கூடும். ஆனால் கணக்குத் தெரியாமல் வீட்டை விட்டு வந்து, பத்தாம் மாதம் காசு போதாமல் கடைசியில் வட்டிக்காரரிடமே போய் நின்றால், சுருங்கி இருந்த பத்து மாதமும் வீண். உங்கள் வீட்டு எண்கள் வேறாக இருக்கும். அவற்றைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

இனி, கொப்பியில் எழுத முடியாத செலவு. லயக் காம்பரா என்பது பத்துக்குப் பன்னிரண்டு அடி. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. அதில் ஏற்கனவே தம்பி, தம்பி மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. இப்போது இன்னும் மூன்று பேர். "அத்தை, நாங்க வந்தா ஒங்களுக்கு இடைஞ்சலா இருக்காதா?" என்று மருமகள் கேட்டால், "என்னாடி இடைஞ்சல், ஒரே அடுப்புல பொங்கித் தின்னுட்டுக் கெடப்போம்" என்று மாமியார் சொல்லத்தான் செய்வார். பெற்ற மனம் வேறு எப்படிச் சொல்லும்? கேட்க வேண்டியது தம்பியின் மனைவியை. காலை நாலரைக்கு எழும்பி, பிள்ளைகளைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுப் பிரட்டுக்கு ஓடுகிறவர் அவர். அடுப்பும் தண்ணீர்ப் பைப்பும் அவர் கையில்தான் இருக்கின்றன. எத்தனை மாதத்துக்கு வருகிறோம், அரிசி யார் வாங்குவது, கரண்ட் பில்லில் யாருக்கு எவ்வளவு என்பதை வருவதற்கு முன்பே அவரையும் உட்கார வைத்துப் பேசிக்கொள்ளுங்கள். காசுக்காக வந்த சண்டையை விட விறகுக்காக வந்த சண்டையில் பிரிந்த குடும்பங்களே எங்களுக்கு அதிகம் தெரியும்.

வயதுக்கு வந்த மகளுக்கு உடுப்பு மாற்ற ஒரு மறைவு, படிக்க ஒரு விளக்கு. மேலே தகரத் தடுப்புக்கு 45,000 எழுதினோமே, அது இதற்காகத்தான். அதை வெட்டி மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். பஸ் காசுக்குப் பயந்து வருஷத்தின் நடுவில் பிள்ளையின் பள்ளியை மாற்றவும் வேண்டாம். அப்பா இரண்டு வருஷத்தில் திரும்பி வந்துவிடலாம். தவறிப்போன பாடம் திரும்பி வராது.

லயம் நிற்கிற இடத்தையும் பாருங்கள். 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களின் மேல் மலை சரிந்ததை நாம் மறக்கவில்லை. அந்தச் சரிவு அபாயமானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அபாயம் என்று அறிவித்த லயமாக இருந்தால், சும்மா கிடைத்தாலும் அங்கே போக வேண்டாம். கிராம உத்தியோகத்தரிடம் கேட்டால் தெரியும். டவுனிலேயே இதைவிடச் சின்ன வாடகை வீடு ஒன்று பார்ப்பது அப்படிப்பட்ட குடும்பத்துக்கு நல்லது. மிச்சம் குறையும், அவ்வளவுதான்.

இப்போது நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். வீட்டைச் சுருக்குவது வேறு, வீட்டை விடுவது வேறு. 2015க்குப் பிறகு பல தோட்டங்களில் 7 பேர்ச் காணியில் தனி வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. அப்படி வீடு கிடைத்த சிலர், பயணச் செலவுக்காக அதை வெறும் துண்டுக் கடதாசியில் எழுதி இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு லயத்துக்கோ உறவினர் வீட்டுக்கோ போகிறார்கள். உறுதி கைக்கு வராத வீட்டை இப்படிக் கைமாற்றினால் கொடுத்தவருக்கும் பிடிமானம் இல்லை, வாங்கியவருக்கும் இல்லை. லயத்திலும் இதே சங்கடம் உண்டு. வீட்டில் ஒருவருடைய பெயராவது செக்ரோலில் இருக்கும்வரைதான் பேச்சு இல்லை. கடைசிப் பெயரும் வெட்டுப்பட்டால், "வீட்டை ஒப்படை" என்ற கடிதம் வர இடமுண்டு.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு நம் தாத்தா பாட்டிமார் ஆடு மாடு, அண்டா குண்டா எல்லாவற்றையும் வந்த விலைக்கு விற்றுவிட்டுத் தலைமன்னாரில் கப்பலேறினார்கள். அது திரும்பி வராத பயணம். விற்றதில் ஒரு நியாயம் இருந்தது. கட்டாருக்கோ சவூதிக்கோ போவது இரண்டு வருஷ ஒப்பந்தம். முடிந்தால் இதே மலைக்குத்தான் வந்து இறங்க வேண்டும். வந்து இறங்க ஒரு கூரை வேண்டாமா?

தோட்டத்திலேயே வேலை செய்கிறவர் போவதாக இருந்தால், பெயரை வெட்டுவதற்கு முன் சேவைக்காலத்தை எண்ணிப் பாருங்கள். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி ஐந்து வருடம் முடித்த நாட்கூலித் தொழிலாளிக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் உண்டு. பன்னிரண்டு வருஷம் வேலை செய்தவருக்கு, 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தின்படி பார்த்தாலும் 226,800 ரூபாய் வரும். மேலே அந்தக் குடும்பம் ஒரு வருஷம் நெருக்கியடித்துச் சேர்த்த காசுக்குக் கிட்டத்தட்டச் சமம் இது. நாலு வருஷம் பத்து மாதத்தில் அவசரப்பட்டுப் பேர் வெட்டிக்கொண்டு போனவருக்கோ ஒன்றும் இல்லை. இன்னும் இரண்டு மாதம் கொழுந்து பறித்திருக்கலாம்.

ஈ.பி.எப். காசை எடுத்துக்கொண்டு போகலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில்தான் அதை வழக்கமாக எடுக்கலாம். நாட்டை விட்டு நிரந்தரமாகக் குடியேறுகிறவருக்கு முன்னதாகக் கொடுப்பார்கள். ஒப்பந்த வேலைக்குப் போவது குடியேறுவது ஆகாது. ஆகையால் அந்தக் காசைப் பயணக் கணக்கில் சேர்க்காதீர்கள். "ஈ.பி.எப். எடுத்துத் தருகிறேன், இவ்வளவு கொடு" என்று வருகிற தரகரிடம் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

வாடகை வீட்டை விடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். நம் ஆட்களின் பெயர் ஒவ்வொரு கடதாசியிலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். அப்பா பெயர் ஒன்றில் முன்னே, ஒன்றில் பின்னே. ஒன்றில் ஓர் எழுத்துக் கூட, ஒன்றில் குறைய. எழுதியவர் தமிழ் தெரியாத கிளார்க்காக இருந்திருப்பார், தப்பு நம்முடையது அல்ல. ஆனால் அலைச்சல் நம்முடையது. பிரதேச செயலகத்தில் அதைத் திருத்தி எடுக்க மாதக்கணக்கில் ஆகலாம். காசு சேர்ந்து, வேலை வந்து, கண்டிக் கிளையில் கடவுச்சீட்டுக்குப் போய் நிற்கும்போது இது தெரிந்தால், லயத்தில் நெருக்கடிபட்டுச் சேர்த்த காசு உட்கார்ந்து கரையும்.

யாருக்கு எவ்வளவு தேவை என்பதும் ஒரே மாதிரி இல்லை. வீட்டுப் பணிப்பெண் வேலைக்கு முகவருடைய செலவைப் பெரும்பாலும் வெளிநாட்டு எசமானே கட்டிவிடுவது வழக்கம். அதற்கு இலட்சக்கணக்கில் கேட்டால் சந்தேகப்படுங்கள். போகிற அம்மா சேர்க்க வேண்டியது, விட்டுப் போகிற பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் பள்ளிக்கும்தான். தென்கொரியாவுக்கு 2004 முதல் அரசாங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் இடையிலான உடன்பாட்டின்படி ஆட்கள் போகிறார்கள். 18 முதல் 39 வயது வரையுள்ளவர்கள் கொரிய மொழிப் பரீட்சை எழுதலாம். நடுவில் தனியார் முகவருக்கு இடமில்லை. வீட்டில் பொடியன் இருந்தால், நீங்கள் காசு சேர்க்கிற அந்த ஒரு வருஷத்தில் அவன் மொழியைச் சேர்க்கட்டும்.

எந்த நாட்டுக்குப் போனாலும் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டே போக வேண்டும். "விசிட் விசாவுல போயி அங்க மாத்திக்கலாம்" என்கிற பேச்சுக்கு மயங்காதீர்கள். பதியாமல் போனவருக்குப் பணியகத்தின் காப்புறுதி கிடையாது. முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, பதிவுக் கட்டணம் இன்றைக்கு எவ்வளவு என்பதை 1989 என்ற இலக்கத்துக்குப் பேசிக் கேட்டுக்கொள்ளலாம். முற்பணம் எதுவும் கொடுப்பதற்கு முன்னே பேசுங்கள்.

சேர்க்கிற காசை எங்கே வைப்பது? லயத்துக்குள் கைக்காசு நிற்காது. அடுத்த காம்பராவில் சடங்கு, மேட்டு லயத்தில் சாவு, தம்பி பிள்ளைக்குக் காய்ச்சல். கையில் இருக்கிறபோது இல்லை என்று எப்படிச் சொல்வது? முன்பு வாடகை கொடுத்த அதே திகதியில் 14,900 ரூபாயை மனைவி பெயரில் தேசிய சேமிப்பு வங்கியிலோ வேறு வங்கியிலோ போட்டுவிடுங்கள். பிறகு வெளிநாட்டுச் சம்பளம் வரப்போவதும் அந்தக் கணக்குக்குத்தான். முன்பின் தெரியாதவர் பிடிக்கிற பெரிய சீட்டில் இந்தக் காசைப் போட வேண்டாம். மூன்று மாதம் விடாமல் போட முடிந்ததா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் கணக்கில் எங்கோ பிசகு இருக்கிறது. கொப்பியைத் தூக்கிக்கொண்டு எங்கள் நலன்புரி உத்தியோகத்தர் உங்கள் டிவிசனுக்கு வருகிற நாளில் வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.