ஊசி போட்ட மாட்டின் பால்



அருப்புக்கோட்டை, திருச்சுழி சுற்றுக் கிராமங்களில் மழை பொய்த்த வருடங்களில் பல வீடுகளில் அடுப்பு எரிவது ஒன்றிரண்டு கறவை மாடுகளை நம்பித்தான். நம் டிரஸ்டின் வட்டியில்லாக் கடனில் மாடு வாங்கிய சகோதரிகளும் அதில் அடக்கம். அவர்கள் அதிகம் முறையிடுவது மடிநோயைப் பற்றி. மடி வீங்கிக் கல்லாகும்; பால் திரிந்து வரும். யாரையாவது கூப்பிட்டு ஊசி போடுகிறோம், காம்பில் ட்யூப் ஏற்றுகிறோம். இரண்டாம் நாள் வீக்கம் வடிந்ததும் பால் வழக்கம்போல் கேனுக்குப் போய்விடுகிறது. பிரச்சினை இங்கேதான்.

அந்த ஊசியில் இருப்பது ஆன்டிபயாட்டிக். அது சில நாட்கள் வரை பாலில் இறங்கிக்கொண்டே இருக்கும். பாலைக் காய்ச்சினால் கிருமி சாகும். மருந்து முழுவதும் போகாது. சில சமயம் அந்தப் பால் உறை ஊற்றினாலும் தயிராகாது, ஏனென்றால் தயிராக்குவதும் ஒரு நுண்ணுயிர்தான். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்தப் பாலால் தடிப்பும் அரிப்பும் வரக்கூடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. மருந்தை அரைகுறையாகக் கொடுத்தால் பலவீனமான கிருமிகள் சாகும்; தாக்குப்பிடித்தவை பெருகும். அவை சாணத்திலும், கறப்பவர் கையிலும், காய்ச்சாத பாலிலும் வீட்டுக்குள் வரும். தாக்குப்பிடிக்கும் தன்மையை ஒரு கிருமி இன்னொரு வகைக் கிருமிக்கும் கொடுத்துவிடும். மடிநோய்க்குப் போடும் செஃப்ட்ரியாக்சோன்தான் நம் பிள்ளைக்கு டைபாய்டு வந்தால் ஆஸ்பத்திரியில் ஏற்றும் மருந்தும். தொழுவத்தில் அது பழகிப்போனால் வார்டில் அது கேட்காமல் போகலாம். 2019-இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் இறந்ததாக ஆய்வாளர்கள் கணித்தார்கள். மனிதருக்குக் கடைசி ஆயுதமான கோலிஸ்டின் என்ற மருந்தைக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொடுக்க மத்திய அரசு தடை விதித்ததும் அதே வருடம்தான்.

2018-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 77 மாதிரிகளில் ஆன்டிபயாட்டிக் அளவுக்கு மேல் இருந்தது. குறைவுதானே என்று தோன்றும். ஆனால் அங்கே தேடியது பாலில் தங்கிய மருந்தை. தொழுவத்தில் வளரும் கிருமியை அல்ல.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 2012 முதல், எத்தனை நாள் பாலை விலக்க வேண்டும் என்பதை மருந்தின் லேபிளில் போட வேண்டும். போடாவிட்டால் பாலுக்குக் குறைந்தது 7 நாள், ஆட்டு மாட்டு இறைச்சிக்கு 28 நாள். குர்பானிக்கு ஆடு வாங்குகிறவர்கள் பல்லைப் பார்ப்பதோடு, கடைசியாக ஊசி போட்டது எப்போது என்றும் கேளுங்கள். விலக்கிய பாலைக் கன்றுக்கு ஊட்டாதீர்கள்; அதன் குடலிலும் அதே கிருமிகள் வளரும்.

மடிநோயை வரவிடாமல் தடுப்பதே மலிவு. கறக்குமுன் கையையும் மடியையும் கழுவித் துடையுங்கள். கோடையில் குடிக்கவே குடம் எண்ணும் ஊரில் இதைச் சொல்வது சுலபம் என்று எங்களுக்கும் தெரியும். ஒரு செம்புத் தண்ணீரும் சுத்தமான துணியும் போதும். கறந்ததும் தீவனம் போடுங்கள். காம்புத் துளை மூட அரை மணி நேரமாவது ஆகும், அதுவரை மாடு படுக்கக் கூடாது. நோயுள்ள மாட்டைக் கடைசியில் கறங்கள்.

ஆரம்ப நிலையில், தஞ்சைப் பகுதியில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய மூலிகை முறை பலருக்குக் கைகொடுக்கிறது: சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, நீர்க்கக் கரைத்து, பாலைக் கறந்து விட்டு மடியில் பூச வேண்டும். ஒரு நாளில் பத்து தடவை, ஐந்து நாள். காய்ச்சல் இருந்தாலோ, மாடு தீவனம் எடுக்காவிட்டாலோ காத்திருக்காமல் அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள், அல்லது 1962-க்கு அழையுங்கள். மருத்துவர் சொன்ன நாள் முழுக்க மருந்தைக் கொடுங்கள்.

ஏழு நாள் பாலைக் கொட்டினால் தவணை எப்படிக் கட்டுவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மருத்துவர் தேதி போட்டுத் தந்த சீட்டைக் காட்டினால் அந்த மாதத் தவணையைத் தள்ளி வைக்க நிர்வாகக் குழுவில் முடிவு செய்திருக்கிறோம். சீட்டை அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் கொடுக்கலாம்.