ரோட் டேக்ஸ் ஸ்டிக்கர்: மோட்டாரில் ஒட்டுவதா, வேண்டாமா?

கேள்வி: என்னிடம் 125 சிசி மோட்டார் இருக்கிறது. அடுக்குமாடிக்குக் கீழே, கூரையில்லாத இடத்தில்தான் நிறுத்துகிறேன். கைப்பிடிக்குக் கீழே பிளாஸ்டிக் கூட்டில் வைத்திருந்த ரோட் டேக்ஸ் ஸ்டிக்கரை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போதெல்லாம் ஒட்டவே தேவையில்லை என்கிறான் தம்பி. ஒட்டாத மோட்டாரைத்தான் ரோட் பிளாக்கில் முதலில் ஓரங்கட்டுவார்கள் என்கிறார் அப்பா. கலர் போட்டோஸ்டேட் எடுத்து ஒட்டு என்கிறார் கூட வேலை செய்பவர். நான் யார் பேச்சைக் கேட்பது?
- வாசகர், கிள்ளான்

பதில்: தம்பி பேச்சைக் கேளுங்கள். 2023 பிப்ரவரி 10 அன்று போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் அறிவித்ததிலிருந்து, மலேசியக் குடிமக்களின் தனியார் வாகனங்களில் சாலை வரி ஸ்டிக்கரைப் பார்வைக்கு வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சாலைப் போக்குவரத்துத் துறையின் மைஜேபிஜே செயலியில் தெரியும் உரிமமே போதும். மோட்டார் உங்கள் பெயரில் இல்லாமல் கம்பெனி பெயரில் பதிவாகியிருந்தால் மட்டும் அந்தத் துறையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அறிவிப்பு தனியார் வாகனங்களுக்கானது. வரி கட்டுவது வேறு, கட்டியதை ஒட்டிக் காட்டுவது வேறு என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டாவதுதான் போயிருக்கிறது. முதலாவது அப்படியே இருக்கிறது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். 150 சிசி வரையுள்ள மோட்டாருக்குத் தீபகற்ப மலேசியாவில் ஆண்டுக்குச் சாலை வரி வெறும் 2 வெள்ளி. ஒரு தே தாரிக்கின் விலைகூடப் பெறாத அந்தக் காகிதத்தை இருட்டில் ஸ்குரூடிரைவரோடு வந்து ஏன் ஒருவன் கழற்ற வேண்டும்? அவனால் 2 வெள்ளி கட்ட முடியாது என்பதல்ல காரணம். செல்லுபடியாகும் காப்புறுதி இல்லாமல் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது; காப்புறுதிக்கு ஆகும் தொகை வரியைப்போலப் பல மடங்கு. பழைய சம்மன்களைக் கட்டாமல் கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறியவருக்கும் புதுப்பிக்கும் வழி அடைபட்டுவிடும். ஆக, அந்தச் சின்னத் தாள் காப்புறுதிக்கும் சம்மனுக்கும் சேர்த்துப் போட்ட முத்திரை மாதிரி. முத்திரையின் விலை 2 வெள்ளி என்றாலும், அதைத் திருடுகிறவன் தப்பிக்க நினைப்பது பல நூறு வெள்ளிக் கடனிலிருந்து. ஸ்டிக்கரில் உங்கள் பதிவு எண் அச்சாகியிருக்கிறதே, அது அவனுக்கு எப்படி உதவும் என்று கேட்பீர்கள். கிட்டே வந்து படித்தால் உதவாதுதான். ஆனால், ஓடும் மோட்டாரில் உள்ளங்கையில் அடங்கும் தாளின் எழுத்தை யார் படிக்கிறார்கள்? கூட்டுக்குள் இந்த ஆண்டின் தாள் ஒன்று இருக்கிறது என்ற தோற்றமே அவனுக்குப் போதும்.

காரோடு ஒப்பிட்டால் மோட்டாரின் நிலைமை எவ்வளவு மோசம் என்பது புரியும். காரில் ஸ்டிக்கர் கண்ணாடிக்கு உள்பக்கம், பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறது. அதை எடுக்கக் கண்ணாடியை உடைக்க வேண்டும், சத்தம் வரும், அலாரம் அடிக்கும். மோட்டாரில் அதே தாளுக்குக் காவல் இரண்டு ஸ்குரூவும் ஒரு பிளாஸ்டிக் மூடியும். மழைநீர் உள்ளே இறங்கித் தாளை ஊறவைக்கும், வெயில் மையை வெளுக்கவைக்கும். திருடனே வராவிட்டாலும் ஆண்டு முடிவதற்குள் தேதி மங்கிப்போவது பல மோட்டார்களில் பார்க்கிற காட்சி. கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் வாகனத்தை மனதில் வைத்துப் போட்ட விதியைக் கண்ணாடியே இல்லாத வாகனத்தின் மேலும் சுமத்தியதன் விளைவு இது. கப்சாய் மோட்டார் ஓட்டுகிறவர்கள் பலர் முன்பே ஸ்டிக்கரை சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு ஓட்டியதற்கு அலட்சியம் மட்டும் காரணமல்ல.

ஒட்டியிருந்தால்தான் சாட்சி என்கிற நம்பிக்கையையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். உங்கள் ஸ்டிக்கர் திருடுபோன மறுநாள் காலை, நீங்கள் வரி கட்டிய வாகன உரிமையாளராகத்தான் இருந்தீர்கள். திருடியவன் தன் மோட்டாரில் அதை மாட்டிய பிறகும் கட்டாதவனாகவேதான் இருந்தான். தாள் சொன்னதோ நேர் எதிர். பதிவு எண்ணை அடித்தால் வரி எந்தத் தேதி வரை, காப்புறுதி இருக்கிறதா என்று துறையின் பதிவேடே சொல்லிவிடும்போது, பொய் சொல்லக்கூடிய தாள் எதற்கு? இந்தக் கணக்கைப் போட்டுத்தான் சிங்கப்பூர் 2017 பிப்ரவரி 15 முதல் ஸ்டிக்கரைக் கைவிட்டது. பிரிட்டன் அதற்கும் முன்பே, 2014 அக்டோபர் 1 அன்று, 1921-இலிருந்து வண்டிகளில் இருந்துவந்த வட்ட வில்லையை நிறுத்தியது.

அப்பாவின் கவலைக்கு வருவோம். ரோட் பிளாக்கில் நிறுத்துகிற அதிகாரி இன்று ஸ்டிக்கரை நம்பி உங்களை விடப்போவதில்லை, ஸ்டிக்கர் இல்லை என்று பிடிக்கப்போவதும் இல்லை, எண்ணைத்தான் சரிபார்ப்பார். போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டால்? மலைப்பாதையில் லைன் கிடைக்காவிட்டால்? அப்பாவின் மோட்டாரைத் தம்பி எடுத்துப் போயிருந்தால், செயலி அப்பா போனில் அல்லவா இருக்கும்? மூன்றுக்கும் பதில் ஒன்றுதான்: சாட்சி உங்கள் போனிலும் இல்லை, துறையின் பதிவேட்டில் இருக்கிறது, அதற்குச் சாவி நம்பர் பிளேட். அதனால் பிளேட் சுத்தமாக, விதிப்படியான எழுத்தில், வளையாமல் இருக்கட்டும். பேன்சி எழுத்தில் பிளேட் மாட்டிக்கொண்டு ஸ்டிக்கரைப் பற்றிக் கவலைப்படுகிறவர் கவலையை இடம் மாற்றி வைத்திருக்கிறார். வீண் வாக்குவாதத்தைத் தவிர்க்க, காப்புறுதிச் சான்றிதழின் கறுப்பு வெள்ளை நகல் ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு சீட்டுக்கு அடியில், டூல் பைக்குப் பக்கத்தில் வைத்தால் போதும்.

நீங்கள் கேட்காத மறுப்பு ஒன்று இருக்கிறது. அப்பா சொன்னதைவிட அதற்கு வலு அதிகம். பிரிட்டனில் வில்லையை எடுத்த பிறகு வரி கட்டாமல் ஓடும் வண்டிகள் பெருகின. அந்நாட்டுப் போக்குவரத்து அமைச்சின் சாலையோரக் கணக்கெடுப்பில் 2013-இல் ஆயிரம் வண்டிக்கு 6 ஆக இருந்தது 2015-இல் 14 ஆகவும், 2017-இல் 18 ஆகவும் ஏறியது. இதைக் காட்டி, ஸ்டிக்கர் ஒழுங்கைக் காத்தது என்று வாதாடலாம். ஆனால் எப்படிக் காத்தது? அங்கே அதே நாளில் இன்னொரு விதியும் மாறியது: வண்டி கைமாறினால் மீதமுள்ள வரி புது உரிமையாளருக்குச் சேராது. அது தெரியாமல் ஓட்டியவர்களும் அந்தக் கணக்கில் விழுந்திருப்பார்கள். மீதிப் பேரை எடுத்துக்கொண்டாலும், ஏய்க்க நினைத்தவரைவிட மறந்துபோனவரே அதிகம் இருந்திருப்பார் என்பது என் எண்ணம். பதிவேட்டைப் பார்த்துப் பிடிக்கிற கேமரா இருக்கும்போது வில்லை இல்லாததால் ஏய்ப்பவனுக்குப் புதிதாக எந்த லாபமும் இல்லை. மறதிக்காரருக்குத்தான் நஷ்டம்: தினமும் கண்ணில் பட்ட தேதி காணாமல் போய்விட்டது. ஆக, ஸ்டிக்கர் போலீசுக்குச் செய்த வேலையைவிட உரிமையாளருக்குச் செய்த வேலைதான் பெரிது.

நம் நாட்டில் அந்த மறதிக்கு விலை இன்னும் கூடுதல். வரியும் காப்புறுதியும் பெரும்பாலும் ஒரே தேதியில் முடிகின்றன. ஒன்றை மறந்தவர் இரண்டையும் மறந்தவராகிறார். 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் வண்டியோட்டுவது தனிக் குற்றம். அபராதத்தைக்கூடக் கட்டித் தொலைக்கலாம். அந்த நாட்களில் ஒருவர் மேல் மோதிவிட்டால், அவருடைய மருத்துவச் செலவும் நஷ்டஈடும் உங்கள் சம்பளத்தின் மேல்தான் வந்து விழும். எனவே ஸ்டிக்கரை எடுத்துவிடுகிறவர் அதன் வேலையை வேறு எதனிடமாவது ஒப்படைக்க வேண்டும். போனில் ஒரு மாதம் முன்பாக மணி அடிக்கும்படி வைப்பது ஒரு வழி. போன் மாற்றும்போது அதுவும் போய்விடும் என்பது அதன் குறை. சீட்டைத் தூக்கினால் தெரியும் உள்தகட்டில் அழியாத மார்க்கரால் காலாவதித் தேதியை எழுதிவிடுங்கள். பெட்ரோல் ஊற்ற சீட்டைத் திறக்கிற மோட்டார் என்றால் வாரத்துக்கு ஒருமுறையாவது அது கண்ணில் படும். அதைத் திருட யாரும் வரமாட்டார்கள்.

எல்லை தாண்டுகிறவர்களுக்கு மட்டும் நான் சொல்வது பாதிதான் பொருந்தும். புக்கிட் காயு ஹீத்தாமோ பாடாங் பெசாரோ வழியாகத் தாய்லாந்துக்குப் போகிறவர் கையில் காகிதம் வைத்திருப்பதே நல்லது. அங்குள்ள அதிகாரிக்கு நம் செயலி ஒரு படம்தான். அப்போதும் அது பைக்குள் இருக்க வேண்டிய காகிதம், மோட்டாரில் மாட்ட வேண்டியதல்ல. இலங்கையில் வாகன வருமான அனுமதிப்பத்திரத்தை வண்டியில் காட்டியாக வேண்டும் என்பதால், யாழ்ப்பாணத்து உறவினருக்கு இந்தப் பதிலை அனுப்பிவைத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டு உறவினருக்கு இந்தக் கேள்வியே வேடிக்கையாக இருக்கும். அங்கே இருசக்கர வாகனத்துக்கு வாங்கும்போதே ஆயுள் வரி கட்டிவிடுகிறார்கள்.

கலர் போட்டோஸ்டேட் மட்டும் வேண்டவே வேண்டாம். அசல் மாதிரித் தெரிய வேண்டும் என்பதற்காகவே எடுக்கிற நகல் அது. அதிகாரி கையில் சிக்கினால், வரி ஒழுங்காகக் கட்டிய நீங்கள் போலித் தாள் ஒட்டியவராக நின்று விளக்கம் சொல்ல வேண்டிவரும். ஒட்ட வேண்டிய கட்டாயமே இல்லாத ஒன்றுக்குப் போலி செய்து மாட்டிக்கொள்வானேன்?

திருடுபோனதற்குப் போலீசில் ஒரு புகார் கொடுத்துவையுங்கள். 2 வெள்ளிக்காக அல்ல. உங்கள் பதிவு எண்ணைச் சுமந்த தாள் ஒன்று யார் கையிலோ இருக்கிறது; அதே எண்ணில் ஒரு பிளேட்டையும் அடித்து மாட்டிவிட்டால் அவன் மீறுகிற சிவப்பு விளக்குக்கு உங்களுக்குச் சம்மன் வரலாம். அடுத்த சில மாதங்களுக்குப் போலீசின் மைபாயார் பிடிஆர்எம் தளத்தில் உங்கள் எண்ணை அவ்வப்போது பாருங்கள். போகாத ஊரில் ஒரு சம்மன் தெரிந்தால், திருட்டுக்கு முந்தியதா பிந்தியதா என்று சொல்ல அந்தப் புகாரின் தேதி கையில் இருக்கும்.