மகிழுந்தின் பிரேக்கும் செலவுக் கணக்கும்

நுழையும்முன்

வீண்செலவைக் குறைப்பது சிக்கனம். செய்தே தீரவேண்டிய செலவைத் தள்ளிப்போடுவது சிக்கனம் ஆகாது. சிறிய மகிழுந்து ஒன்றின் பிரேக் பேடை மாற்ற ஆகும் செலவைக் கொண்டு இவ்வேறுபாட்டை இப்பாடம் விளக்குகிறது.

நகரச் சாலையில் பிரேக்

கொல்கத்தா, நெரிசல் மிகுந்த பழைய நகரங்களுள் ஒன்று. 1943ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஹௌரா பாலத்தில் பேருந்துகளும் மகிழுந்துகளும் இடைவெளியின்றி ஊர்ந்து செல்லும். சிறிது தூரம் செல்வதும் உடனே நிற்பதுமாக ஓடும் வண்டியில், நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியைவிடப் பிரேக் மிகுதியாக உழைக்கிறது.

இந்நகரின் அடையாளமாக நெடுங்காலம் விளங்கியது மஞ்சள் நிற அம்பாசடர் வாடகை மகிழுந்து. ஹூக்ளி மாவட்டத்து உத்தர்பாரா ஆலையில் நடைபெற்ற அதன் உற்பத்தி 2014ஆம் ஆண்டு நின்றது. பழைய அம்பாசடரின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே இருந்தன. இன்றைய சிறிய மகிழுந்துகள் பெரும்பாலானவற்றில் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கும் பின்சக்கரங்களில் டிரம் பிரேக்கும் அமைந்துள்ளன.

பேடு தேய்வது ஏன்?

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வட்டத்தகடு. ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும், குழாயிலுள்ள எண்ணெயின் அழுத்தம் இரு பேடுகளை அத்தகட்டின் இருபுறமும் அழுத்துகிறது. உராய்வினால் வண்டியின் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறுகிறது, வண்டி நிற்கிறது. வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். ஆகவே, விரைந்து சென்று சட்டென நிறுத்துவோரின் பேடுகள் விரைவில் தேய்கின்றன.

புதிய பேடின் உராய்வுப் பகுதி ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் தடிமன் உடையது. அது 3 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்ததும் மாற்றிவிடுவது நல்லது. பல பேடுகளில் சிறிய உலோக நாக்கு ஒன்று இருக்கும். பேடு தேய்ந்ததும் அது டிஸ்கில் உரசிக் கிறீச்சிடும். அவ்வொலி வண்டி தரும் எச்சரிக்கை.

செலவின் மூன்று கூறுகள்

பேடு மாற்றும் செலவில் உறுப்பின் விலை, பணிக்கூலி, வரி என மூன்று கூறுகள் உள்ளன. இரு முன்சக்கரங்களுக்கும் உரிய நான்கு பேடுகளை ஒருசேர மாற்றுவதே முறை. ஒருபுறம் மட்டும் மாற்றினால், பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். உதிரிப்பாகங்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

எடுத்துக்காட்டாக, நான்கு பேடுகளின் விலை 1,500 ரூபாய், கூலி 500 ரூபாய் எனக் கொள்க. 18 விழுக்காடு வரி 360 ரூபாய். மொத்தச் செலவு 2,360 ரூபாய்.

தள்ளிப்போட்டால்?

வாடகை மகிழுந்து ஓட்டுநருக்கு, வண்டி பணிமனையில் நிற்கும் நாள் வருவாய் இல்லாத நாள். ஆதலால், ‘அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்’ என்னும் எண்ணம் எழுவது இயல்பே. ஆனால், உராய்வுப் பகுதி முழுதும் தேய்ந்தபின் பேடின் இரும்புத் தகடே டிஸ்கை அறுக்கத் தொடங்கும். அப்போது டிஸ்குகளையும் மாற்ற நேரிடும். இரு டிஸ்குகளின் விலை 4,000 ரூபாய், கூடுதல் கூலி 500 ரூபாய் எனக் கொண்டால், வரியுடன் மொத்தச் செலவு 7,670 ரூபாய் ஆகிறது. முன்னைய செலவைப்போல் இது மும்மடங்குக்கும் மேல். வண்டி பணிமனையில் நிற்கும் நேரமும் கூடும்.

இக்கணக்கில் அடங்காத இழப்பும் ஒன்று உண்டு. தேய்ந்த பேடு கொண்ட வண்டி நிற்பதற்குக் கூடுதல் தூரம் வேண்டும். சாலையைக் கடக்கும் சிறுவனுக்கும் வண்டிக்கும் இடையே அத்தூரம் இல்லாமற் போகலாம்.

மலிவும் தரமும்

கொல்கத்தாவில் உதிரிப்பாகக் கடைகளுக்குப் பெயர்பெற்ற இடம் மல்லிக் பஜார். பிரேக் உறுப்புகள் செய்வதில் தமிழ்நாட்டுக்கும் சிறப்பிடம் உண்டு. 1962ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் சென்னையின் பாடியில் வேரூன்றி வளர்ந்தது. எவ்வூரில் வாங்கினாலும், வண்டியின் வகைக்கு உரிய பேடுதானா என்று பார்த்து, ரசீதுடன் வாங்க வேண்டும். போலிப் பேடு விலையில் குறைந்திருக்கலாம். ஆனால், சூடேறியதும் பிடிமானம் இழந்து ஆபத்தை விளைவிக்கும்.

சொற்பொருள்

உராய்வு – ஒன்றோடொன்று தேய்தல்
ஊர்ந்து – மெல்ல நகர்ந்து
கூறு – பகுதி
விழுக்காடு – நூற்றுக்கு இத்தனை என்னும் அளவு

பயிற்சி

1. பேடு தேய்ந்ததை ஓட்டுநர் எவ்வாறு அறியலாம்?
2. முன்சக்கரப் பேடுகள் நான்கையும் ஒருசேர மாற்றுவது ஏன்?
3. விலை 1,500 ரூபாய் உள்ள பேடுகளுக்கு 28 விழுக்காடு வரிக்கும் 18 விழுக்காடு வரிக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு?
4. பிரித்து எழுதுக: பணிக்கூலி, இவ்வேறுபாடு, எவ்வூர்.
5. ‘சிக்கனமும் பாதுகாப்பும்’ என்னும் தலைப்பில் பத்து வரிகள் எழுதுக.