கண்ணில் நின்றது, காதில் விழவில்லை



"படிக்கிற பிள்ளைக்குக் கைப்பேசி எதற்கு?" என்று பெரியோர் கேட்பதும், "பாடமே அதில்தானே வருகிறது" என்று நாம் விடை கூறுவதும் நம் இல்லங்களில் அன்றாடம் நிகழ்வன. இவ்வழக்கில் தீர்ப்புக் கூற நாங்கள் முன்வரவில்லை. பதினோராம் வகுப்பு வரலாற்றுப் பிரிவு மாணவியராகிய நாங்கள் பாஞ்சாலங்குறிச்சிக்குச் சென்று வந்தபோது கற்றுக்கொண்ட ஒன்றையே இங்குக் கூற விழைகிறோம். அது நாங்கள் கற்பதற்காகச் சென்ற பாடம் அன்று.

தூத்துக்குடியிலிருந்து புறப்பட்டு, வ.உ.சி. பிறந்த ஓட்டப்பிடாரத்தைக் கடந்தால் பாஞ்சாலங்குறிச்சி. அங்கே 1974 இல் எழுப்பப்பட்ட கட்டபொம்மன் நினைவுக் கோட்டை இருக்கிறது. உள்ளே சுவர் நெடுகிலும் அவ்வீரனின் வரலாறு வண்ண ஓவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளது. வழக்கமாகப் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவர நமக்கு இசைவில்லை. அன்று மட்டும், படத்தொகுப்பு ஒன்று செய்ய வேண்டும் என்பதால் சிஸ்டர் இசைவு தந்தார்கள். கேட்க வேண்டுமா! கோட்டை வாயிலில் தொடங்கி சக்கம்மாள் கோயில் வரை நாங்கள் எடுத்த படங்களுக்கு அளவே இல்லை. ஓவியத்தை எடுத்தோம், ஓவியத்தோடு நம்மை எடுத்தோம், அது சரியில்லை என்று மீண்டும் எடுத்தோம். ஆசிரியை ஒவ்வோர் ஓவியத்தின் முன்னும் நின்று விளக்கிக்கொண்டே சென்றார்கள்.

மறுநாள் வகுப்பில் ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுக்கப்பட்டது. "படங்கள் இருக்கட்டும். நேற்றுக் கண்டதையும் கேட்டதையும் எழுதுங்கள்" என்றார்கள் ஆசிரியை. கண்டதைப் பொறுத்தவரை எங்களுக்குக் குறைவில்லை. உடையின் நிறம், வாளின் வளைவு, குதிரை என்று எழுதினோம். ஆனால் அந்த ஓவியத்தில் நிற்பவர் யார், ஏன் நிற்கிறார், அடுத்து என்ன நடந்தது என்னும் இடம் வந்ததும் எழுதுகோல் நின்றுவிட்டது. ஒரே ஒருத்தி மட்டும் இரண்டாம் தாள் கேட்டு வாங்கினாள். அவள் வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி. அன்று அதை அவள் தந்தையார் கடலுக்குக் கொண்டு போயிருந்தார். ஆகவே அவள் வெறுங்கையோடு வந்து ஆசிரியையின் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

அவள் எழுதியதைப் படித்ததும், "இப்படி ஒரு கதையை டீச்சர் சொன்னார்களா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். அக்கதை இதுதான். 1799 அக்டோபர் 16 இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். அவன் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டான். 1801 பிப்ரவரியில் அவன் சிறையிலிருந்து தப்பினான். இடிக்கப்பட்டுக் கிடந்த கோட்டை சில நாள்களுக்குள் மீண்டும் எழுந்து நின்றது. அதை எதிர்த்து வந்த கம்பெனிப் படையில் ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் அதிகாரி இருந்தார். பேச இயலாத ஊமைத்துரை தன் வீரர்களுக்கு எவ்வாறு ஆணையிட்டான் என்பதை அவர் எழுதிவைத்திருக்கிறார். சிறு வைக்கோல் துண்டுகளை இடது உள்ளங்கையில் அடுக்குவானாம். அவை ஆங்கிலப் படை. காலத்தையும் பிறவற்றையும் சைகையால் உணர்த்துவான். பிறகு வாயால் ஓர் ஓசை எழுப்பி, மறு கையால் அத்துரும்புகளை ஒரே வீச்சில் தள்ளிவிடுவான். அதுவே போர்க்கட்டளை! அந்த ஒரு நொடியில் எவன் கண்ணாவது வேறு பக்கம் திரும்பியிருந்தால் அவனுக்குக் கட்டளையே கிடையாது. எதிரியின் படையில் இருந்தவரே வியந்து எழுதிய செய்தி இது. வெல்ஷின் நூல் வெளிவந்தது 1830 இல். போர் முடிந்து ஏறத்தாழ 29 ஆண்டுகளுக்குப் பிறகு. நிழற்படக் கலை உலகிற்கு அறிவிக்கப்பட்டதோ 1839 இல். எங்களுக்கு ஓர் இரவு கூட நிற்கவில்லையே என்று நாணினோம்.

இது எங்கள் மறதி மட்டுந்தானா என்று தேடியபோது அறிஞர் இதனை ஆராய்ந்திருப்பதைக் கண்டோம். அமெரிக்காவில் இயேசு சபையார் நிறுவிய ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழகத்தில் லிண்டா ஹென்கெல் என்னும் உளவியல் பேராசிரியை, மாணவர்களை ஓர் அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றார். சில பொருள்களைப் பார்க்க மட்டும் சொன்னார். சிலவற்றைப் படம் எடுக்கச் சொன்னார். மறுநாள் சோதித்தபோது, படம் எடுத்த பொருள்களைவிடப் பார்த்த பொருள்களே நன்றாக நினைவில் இருந்தன. கருவி வைத்துக்கொள்ளும் என்று மனம் கைவிட்டுவிடுகிறது போலும். 2014 இல் அச்சான அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. ஒரு பொருளின் ஏதேனும் ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கிப் படம் எடுக்கச் சொன்னபோது அம்மறதி ஏற்படவில்லை. படத்தில் அடங்காத பகுதிகூட நினைவில் நின்றது.

ஆனால் எங்களைத் தைத்தது வேறோர் ஆய்வு. 2017 இல் அலிக்சாண்ட்ரா பாராஷும் அவர்தம் தோழர்களும் வெளியிட்டது. விளக்கவுரையைக் காதில் கேட்டவாறே கண்காட்சியைச் சுற்றிவந்தவர்களுள், விரும்பியவற்றைப் படம் எடுக்க விடப்பட்டவர்கள் கண்டதை மற்றவர்களைவிடச் சற்று நன்றாகவே நினைவுகூர்ந்தனர். கேட்டதைக் குறைவாக நினைவுகூர்ந்தனர். ஹென்கெலின் முடிவோடு இது முழுதும் பொருந்தவில்லையே என்பீர்கள். ஆம், ஏவியபடி எடுப்பது வேறு, தாமே தேர்ந்து எடுப்பது வேறு. எங்கள் வெள்ளைத்தாள் சொன்னது இதைத்தான்: உடையின் நிறம் இருந்தது, டீச்சரின் குரல் இல்லை. பள்ளியில் நாம் பெறுவதில் பெரும்பகுதி செவி வழியே அன்றோ வருகிறது!

நம் கடற்கரையில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்ததைப் பாட்டனார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கல்லில் கால் வைத்து ஒருவர் மூழ்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். ஏறத்தாழ ஒரு நிமிடந்தான். கீழிருந்து அசைவு வந்ததும் இழுக்க வேண்டும். அதனால்தான் கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பார்களாம். தன் உடன்பிறந்தாள் தாலி அக்கயிற்றில் இருக்கிறதே! அந்த ஒரு நிமிடத்தில் அவர் கையில் இன்னொரு பொருளைக் கொடுத்துப் பாருங்கள்.

பெற்றோரே, இதைப் படித்துவிட்டுக் கைப்பேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள்! 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது சிறுமியராய் இருந்த நமக்கு அதுவும் கல்வித் தொலைக்காட்சியுமே வகுப்பறை ஆயின. எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு 2021 நவம்பர் 1 இல்தான் பள்ளிக் கதவு மீண்டும் திறந்தது. ஒரே கருவியை அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றி வைத்துப் படித்த வீடுகள் நம் தெருக்களில் எத்தனை! நகையை அடகு வைத்து வாங்கியவர்களும் உண்டு. அவ்வாறு வாங்கித் தந்தவர்களிடம் அதைக் குறை கூறுவது நன்றி ஆகாது.

ஆகவே ஆசிரியையிடம் கெஞ்சி, அரைநாள் விடுமுறை ஒன்றில் மீண்டும் பாஞ்சாலங்குறிச்சிக்குச் சென்றோம். இம்முறை கைப்பேசிகள் எல்லாம் சிஸ்டரின் பைக்குள். ஓவியங்களின் முன் நின்று முதலிலிருந்து கேட்டோம், கையேட்டில் குறித்தோம். 1801 மே 24 இல் கோட்டை வீழ்ந்ததையும், அதன்பின் மண்ணைத் தரைமட்டமாக்கி ஆமணக்கு விதைத்ததாகச் சொல்லப்படுவதையும், நவம்பர் 16 இல் ஊமைத்துரையை இங்கேயே தூக்கிலிட்டதையும் அப்போதுதான் காது கொடுத்துக் கேட்டோம். இறுதியில் கைப்பேசிகள் திருப்பித் தரப்பட்டன. ஆளுக்கு ஒரு படம், அதுவும் ஒரு பகுதியை மட்டும், என்பது ஒப்பந்தம். ஒருத்தி குதிரையின் கண்ணை எடுத்தாள். ஒருத்தி எதை எடுப்பது என்று கால்மணி நேரம் சுற்றிவந்தாள். இரண்டாம் தாள் கேட்டு எழுதிய தோழிக்கு எங்களில் ஒருத்தி தன் கைப்பேசியைக் கொடுத்தாள். அவள் ஓவியக் கூடத்தை விட்டு வெளியே போய், பழைய அரண்மனை இருந்த இடத்தில் தரையோடு தரையாய்க் கிடக்கும் அடித்தளத்தின் ஒரு மூலையை எடுத்துக்கொண்டு வந்தாள்.