‘இந்தப் பிள்ளை இப்படித்தான்’

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை பிறந்துவிட்டால், அது திருவள்ளூர் மாவட்டத்தின் ஆரம்பாக்கத்தை ஒட்டிய ஏரிக்கரைக் குப்பமானாலும் சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்பானாலும், முதலில் விசாரணைக்கு நிற்பவள் தாய்தான். கிரகணத்தன்று வெளியே வந்தாயா, எதைத் தின்றாய், சொந்தத்தில் கட்டாதே என்று அப்போதே சொன்னோமே என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். இவற்றில் எதுவும் காரணம் இல்லை. நம் உடலின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லிலும் 23 ஜோடிகளாக 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. இந்தக் குழந்தைகளுக்கு 21ஆம் குரோமோசோம் மட்டும் மூன்றாக இருக்கிறது என்பது 1959லேயே பாரிஸில் கண்டறியப்பட்டுவிட்டது. நூற்றுக்கு 95 பேரிடம், கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது அந்த ஜோடி பிரியாமல் போவதே இதற்குக் காரணம். பெரும்பாலும் கருமுட்டையில்தான் இது நேர்கிறது. ஒரு பெண்ணின் கருமுட்டைகள் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே பிரியத் தொடங்கி, பாதியில் நின்று, பல ஆண்டுகள் கழித்துத்தான் அந்த வேலையை முடிக்கின்றன. கருத்தரிப்பதற்கு முன்பே நடந்துவிட்ட ஒன்றுக்குக் கர்ப்பகாலத்துக் கிரகணம் எப்படிப் பொறுப்பாகும்? சொந்தத்தில் திருமணம் செய்வதால் சில பரம்பரை நோய்கள் கூடுகின்றன என்பது உண்மைதான், ஆனால் டவுன் சிண்ட்ரோம் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. தாயின் வயது கூடக்கூட வாய்ப்பு உயர்கிறது: 35 வயதில் சுமார் 350 பிரசவங்களில் ஒன்று, 40 வயதில் சுமார் 100இல் ஒன்று. ஆனாலும் நம் ஊரில் பிள்ளை பெறுபவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள் என்பதால், இருபதுகளில் இருக்கும் தாய்க்கும் இப்படிக் குழந்தை பிறப்பது அதிசயம் இல்லை. இக்குழந்தைகளில் 100இல் மூன்று நான்கு பேரிடம் மட்டும் குரோமோசோம் இடம்மாறி ஒட்டியிருக்கும். அது தாய் வழியிலும் வரலாம், தந்தை வழியிலும் வரலாம். அடுத்த கர்ப்பத்துக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். அதற்காகத்தான் குழந்தையின் ரத்தத்தில் குரோமோசோம் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள்.

தாயைச் சுடும் இந்தப் பேச்சுகளைவிடக் குழந்தைக்கு அதிகக் கேடு செய்வது, அன்பாகவே சொல்லப்படும் இன்னொரு நம்பிக்கை: “இந்தப் பிள்ளை இப்படித்தான், விடுங்க.” பால் குடிக்கும்போது மூச்சு வாங்குகிறதா, இப்படித்தான். கூப்பிட்டால் திரும்பவில்லையா, இப்படித்தான். எடை ஏறவில்லை, மலச்சிக்கல், எந்நேரமும் சோர்வு என்றாலும் அதே பதில். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கிறது. இதய அறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை உள்ள குழந்தை, நாலு மடக்குப் பால் குடிப்பதற்குள் களைத்துப்போகும், நெற்றி வியர்க்கும், விலா ஒடுங்கும். இதில் ஏமாற்றும் கட்டம் ஒன்று உண்டு. மாதங்கள் போகப்போக நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறும். அப்போது மூச்சிரைப்பு குறைந்து, குழந்தை தேறிவிட்டது போலத் தெரியும். வீட்டில் நிம்மதி அடைவார்கள். அறுவை சிகிச்சைக்கான காலம் கைநழுவிக்கொண்டிருப்பது அந்த மாதங்களில்தான். அழுத்தம் ஒரு எல்லையைத் தாண்டிவிட்டால் ஓட்டையை அடைக்கவே முடியாது. ஸ்டெதாஸ்கோப்பில் ஓசை கேட்காவிட்டாலும், உதடு நீலம் பாரிக்காவிட்டாலும், பிறந்த சில வாரங்களுக்குள் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தாக வேண்டும் என்பது இதனால்தான்.

காது இன்னும் எளிதில் தவறிப்போகிறது. இக்குழந்தைகளின் காதுத் துவாரம் குறுகலானது. நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்வது சகஜம். முக்கால்வாசிப் பேருக்கு எப்போதாவது கேட்கும் திறன் குறைகிறது. வீட்டில் கை தட்டிப் பார்த்துவிட்டுக் காது கேட்கிறது என்று முடிவு கட்டுகிறோம். குழந்தை கையின் அசைவைப் பார்த்தே திரும்பியிருக்கலாம். பேச்சைக் கற்கும் வயதில் பாதிச் சொற்கள் காதில் விழாத பிள்ளை பேசாமல் இருந்தால், அதை முழுக்க அறிவின் கணக்கில் எழுதுவது அநியாயம். தைராய்டும் அப்படியே. அது குறைந்தால் வரும் மந்தம், வறண்ட தோல், மலச்சிக்கல், வளர்ச்சித் தாமதம் எல்லாம் டவுன் சிண்ட்ரோமின் சாயலிலேயே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. பிறந்ததும் ஒருமுறை, 6 மாதத்தில், 12 மாதத்தில், பிறகு ஆண்டுக்கொருமுறை ரத்தப் பரிசோதனை செய்தால் போதும். குறை தெரிந்தால் தினம் ஒரு சிறு மாத்திரை. கண்ணும் பார்க்க வேண்டும். பாதிக்கு மேற்பட்டோருக்குப் பார்வைக் கோளாறு இருக்கும், பலருக்குக் கண்ணாடியே தீர்வு.

என்ன வைத்தியம் பார்த்தாலும் குரோமோசோம் மாறப்போவதில்லையே, பிறகு எதற்கு இத்தனை அலைச்சல் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. மூளை வளர டானிக், லேகியம் என்று விற்பவர்களிடம் ஏமாந்தவர்கள் கேட்கும்போது இன்னும் நியாயம். குரோமோசோமை மாற்றும் மருந்து இன்றுவரை இல்லைதான். ஆனால் அமெரிக்க இறப்புச் சான்றிதழ்களை ஆராய்ந்து 2002இல் வெளியான ஆய்வைப் பாருங்கள்: டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் இறக்கும் இடைநிலை வயது 1983இல் 25ஆக இருந்தது, 1997இல் 49ஆக உயர்ந்துவிட்டது. இந்தப் பதினான்கு ஆண்டுகளில் அவர்களுடைய 21ஆம் குரோமோசோமில் எந்த மாற்றமும் இல்லை. இதய அறுவை சிகிச்சை பரவலானதும், இவர்களைக் காப்பகங்களில் ஒதுக்கி வைக்கும் வழக்கம் குறைந்ததும், நோய்க்கு நோயாக மருத்துவம் பார்த்ததும்தான் இதற்கு முக்கியக் காரணங்கள். இன்று அங்கே 60 வயதுவரை வாழ்வது சாதாரணம்.

அது அமெரிக்கா, இது ஆரம்பாக்கம் என்பார்கள். தொலைவு உண்மையான தடைதான். மாவட்டத் தலைநகரான திருவள்ளூர், ஆரம்பாக்கம் வழியாகச் செல்லும் ரயில் பாதையில் இல்லை. ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னையே போக வசதி. இறால் படும் நாளில் ஏரிக்குப் போகாமல் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பதென்றால் அன்றைய வருமானம் போச்சு. ஆனால் செலவைப் பற்றிய பயம் பெரிதும் தேவையற்றது. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டம் பிறவிக் குறைபாடுகளின் பட்டியலில் டவுன் சிண்ட்ரோமை வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது. அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை மருத்துவக் குழு வர வேண்டும், கண்டறியப்பட்ட குழந்தையை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சை இருக்கிறது. எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அரசு மருத்துவமனை. கிராம சுகாதார செவிலியரிடம் “எக்கோ, காது, தைராய்டு, கண், குரோமோசோம்” என்று ஐந்தையும் பெயர் சொல்லிக் கேட்டு, பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினால் அலைச்சல் பாதியாகக் குறையும்.

இவ்வளவும் செய்தாலும் பிள்ளை மற்றவர்களைப் போல ஆகிவிடாது என்பதையும் மறைக்கக் கூடாது. நடப்பதற்கு இரண்டு வயது ஆகலாம், சிலருக்கு அதற்கும் மேல். பேச்சு இன்னும் தாமதிக்கும். ஆனால் பேசுவதைவிடப் பல மடங்கு புரிந்துகொள்வார்கள். அவர்கள் முன்னால் அவர்களைப் பற்றிப் பேசுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். எப்போதும் சிரித்தபடி இருப்பார்கள் என்பதும் கட்டுக்கதையே. கோபமும் துக்கமும் மனச்சோர்வும் அவர்களுக்கும் உண்டு. செய்து காட்டியதைத் திரும்பத் திரும்பச் செய்து கற்பதில் பலர் கெட்டிக்காரர்கள். இறாலை அளவு பார்த்துப் பிரிப்பது, கருவாட்டைத் திருப்பிப் போடுவது, கடையில் சரக்கு அடுக்குவது போன்ற வேலைகளைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் பலரால் செய்ய முடியும். அப்படி வேலை செய்துகொண்டிருந்தவர் முப்பது, நாற்பது வயதில் திடீரென்று ஒதுங்கிப் போனாலோ, தெரிந்த வேலையை மறந்தாலோ, பழைய வாக்கியம் மறுபடி வீட்டுக்குள் வரும். இவர்களுக்கு அல்ஸைமர் மறதிநோய் மற்றவர்களைவிட முன்னதாகவே வருவது உண்மை. ஆனால் அதே அறிகுறிகள் தைராய்டு குறைந்தாலும், காது மந்தமானாலும், தூக்கத்தில் மூச்சு தடைபட்டாலும், நெருங்கியவர் ஒருவர் இறந்த துக்கத்திலும் வரும். மறதிநோய் என்று முடிவு கட்டுவதற்கு முன் இந்த நான்கையும் பார்த்துவிட வேண்டும். நான்குக்குமே வைத்தியமோ ஆறுதலோ இருக்கிறது.