யுனிவர்சல் பிளேயர் வாங்கப் போகிறீர்களா?

கடைக்குக் கிளம்புமுன் வீட்டிலிருக்கும் டிஸ்க்குகளை எல்லாம் எடுத்துத் தரையில் பரப்பி, வகை பிரியுங்கள். சாதாரண சிடி ஒரு பக்கம்; எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ, புளூரே எல்லாம் தனித்தனியாக. திரைப்பாடலும் கர்நாடக சங்கீதமும் மட்டும் சேர்த்தவர் என்றால் அநேகமாக ஒரே குவியல்தான் விழும், அத்தனையும் சிடி. அவருக்கு யுனிவர்சல் பிளேயர் தேவையே இல்லை. நல்ல சிடி பிளேயராகப் பார்த்து வாங்கிவிட்டு, மிச்சப் பணத்தை ஸ்பீக்கரில் போடலாம். ராக், ஜாஸ், மேற்கத்திய சாஸ்திரிய இசை என்று கை நீட்டியவர்கள் மேலே படிக்கலாம்.

பழைய கதை கொஞ்சம் தெரிந்திருந்தால் கடைக்காரர் சொல்வது புரியும். சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து 1982இல் கொண்டுவந்த சிடியில் இருப்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் பிசிஎம் ஒலி. அதே இரு கம்பெனிகள் 1999இல் எஸ்ஏசிடியை இறக்கின. அதன் பதிவு முறையே வேறு: 1 பிட், 2.8224 மெகாஹெர்ட்ஸ். டிஎஸ்டி என்பது அதன் பெயர். எதிரணி 2000இல் டிவிடி-ஆடியோவோடு வந்தது. ஸ்டீரியோவில் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். இரண்டு அணியிலும் நல்ல ஆல்பங்கள் இருந்ததால் ரசிகர்கள் இரண்டு பெட்டி வைத்து அல்லாடினார்கள். அதற்கு விடிவாக வந்ததுதான் இரண்டையும் ஓட்டும் யுனிவர்சல் பிளேயர்.

வாங்குபவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில். டிஸ்க்கைப் போட்டதும் பாட்டு வந்துவிட்டால் பிளேயர் சரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் த மூன்’ 2003இல் ஹைப்ரிட் எஸ்ஏசிடியாக வந்தது. அதில் இரண்டு அடுக்கு: ஒன்றில் சிடி, மற்றதில் எஸ்ஏசிடி. எந்தச் சாதாரண பிளேயரிலும் அது பாடும். ஆனால் பாடுவது சிடி அடுக்கு மட்டுமே. டிவிடி-ஆடியோவிலும் இதே கூத்துதான். பெரும்பாலான டிஸ்க்குகளில் சாதாரண டிவிடி பிளேயருக்கென்று டால்பி அல்லது டிடிஎஸ் ஒலியைத் தனியே வைத்திருப்பார்கள். அதைக் கேட்டுவிட்டு ‘டிவிடி-ஆடியோ என்று பெரிதாகச் சொன்னார்களே, இவ்வளவுதானா’ என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் நிறையப் பேர்.

ஆகவே கடையில் பிளேயரின் முகப்பையும் ஆம்ப்பின் திரையையும் பாருங்கள். எஸ்ஏசிடி ஓடும்போது டிஎஸ்டி என்றோ, பிசிஎம் 88.2 அல்லது 176.4 என்றோ காட்டினால் எஸ்ஏசிடி அடுக்கு ஓடுகிறது. 44.1 என்று நின்றால் நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது சிடிதான். இந்தச் சோதனைக்காகவே ஒரு ஹைப்ரிட் டிஸ்க்கைக் கையோடு கொண்டுபோங்கள்.

விலையை வைத்தும் முடிவு கட்ட முடியாது. பானசோனிக்கின் டிபி-யுபி9000 படத்துக்குப் பேர்போன உயர்ரக 4கே பிளேயர். எஸ்ஏசிடியும் டிவிடி-ஆடியோவும் அதில் ஓடாது. அதைவிட மலிவான சோனி யுபிபி-எக்ஸ்800எம்2 இரண்டையும் ஓட்டும். ஆனால் சோனியில் அனலாக் அவுட் கிடையாது.

அடுத்துப் பார்க்க வேண்டியது அதைத்தான்: ஒலி எந்த வழியாக வெளியே வரப்போகிறது? வீட்டில் எச்டிஎம்ஐ உள்ள ஏவி ரிசீவர் இருந்தால் ஒரே கேபிளில் வேலை முடிந்தது. டிஜிட்டலை ஒலியாக மாற்றும் பொறுப்பை ரிசீவர் ஏற்றுக்கொள்ளும். அப்படிப்பட்டவர் பிளேயருக்குள் அதே வேலைக்காக இருக்கும் டாக் சிப்புக்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண், அது சும்மாதான் கிடக்கும். பழைய பாணி ஸ்டீரியோ ஆம்ப் வைத்திருப்பவர் கதை தலைகீழ். அவருக்கு ஆர்சிஏ அல்லது எக்ஸ்எல்ஆர் அவுட் கட்டாயம் வேண்டும், அதன் தரமும் முக்கியம். ஆப்டிகல் கேபிள் போதுமே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நகலெடுப்பதைத் தடுக்கும் ஏற்பாட்டால் எஸ்ஏசிடியின் முழு ஒலி அந்த வழியே வராது. பல பிளேயர்களில் சத்தமே இருக்காது.

சிப்பின் பெயரைச் சொல்லி விலை ஏற்றுவது ஒரு வியாபாரம். சிடியின் ஒலி வீச்சே சுமார் 96 டெசிபல்தான். மின்விசிறி சுழலும் கூடத்தில் அதுவும் முழுசாகக் காதுக்கு எட்டாது. நான் சிப்பைவிட மெக்கானிசத்தைத்தான் பார்ப்பேன். டிரே ஆடாமல் வருகிறதா? டிஸ்க் சுழலும் சத்தம் உட்காரும் இடம்வரை கேட்கிறதா? கேட்டால், தம்புரா மட்டும் ஒலிக்கும் தொடக்கத்தில் கூடவே ஒரு கிர்ரும் வரும். ஒரு பாட்டு அடுத்த பாட்டோடு ஒட்டி ஓடும் ஆல்பத்தைப் போட்டு, நடுவில் இடறுகிறதா என்றும் கவனியுங்கள். டிவியைப் போடாமலே பாட்டு எண்ணைப் பார்க்க முகப்பில் திரை இருக்கிறதா என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

புதிதாகக் கிடைப்பவை குறைந்துகொண்டே வருகின்றன. இந்த வகைக்கே உரைகல்லாக இருந்த ஆப்போ 2018இல் பிளேயர் தயாரிப்பை நிறுத்திவிட்டது. அதன் யுடிபி-203, யுடிபி-205 இன்றும் பழைய சந்தையில் நல்ல விலைக்குப் போகின்றன. அந்த இடத்தைப் பிடிக்க மேக்னெடார் என்ற கம்பெனி வந்திருக்கிறது.

பழையதை வாங்கினால் அவசரம் கூடாது. சிடியை 780, டிவிடியையும் எஸ்ஏசிடியையும் 650, புளூரேயை 405 நானோமீட்டர் லேசர் படிக்கிறது. ஒன்று தேய்ந்தாலும் மற்றவை வேலை செய்யும். புளூரே ஓடுவதைக் காட்டிவிட்டுச் சிடி படிக்காத பெட்டியைத் தலையில் கட்டிவிடுவார்கள், ஒவ்வொரு வகையிலும் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவது. எழுபது நிமிடத்துக்கு மேல் ஓடும் டிஸ்க்கின் கடைசிப் பாட்டில்தான் லென்ஸ் திணறும். பெட்டி சூடேறி அரை மணி நேரம் ஆனபின் அதைப் போடுங்கள். ஜப்பானிலிருந்து வந்தது 100 வோல்ட், அமெரிக்காவில் வாங்கியது 120 வோல்ட்டாக இருக்கலாம். பின்பக்கம் எழுதியிருப்பதைப் படிக்காமல் நம் 230 வோல்ட்டில் சொருகினால் அன்றோடு சரி. மண்டலக் குறியீடு சிடிக்கும் எஸ்ஏசிடிக்கும் கிடையாது. படமும் பார்ப்பீர்கள் என்றால் மட்டும் நமது டிவிடி 5, புளூரே சி என்பதை நினைவில் வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை மெனுவுக்குள் போவது. எஸ்ஏசிடிக்கு எந்த அடுக்கு என்ற தேர்வு சில பெட்டிகளில் சிடியிலேயே கிடக்கும், மாற்றுங்கள். இரண்டே ஸ்பீக்கர் இருந்தால் மல்டிசேனலை விட்டு ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள். ரிசீவர் டிஎஸ்டியை ஏற்காவிட்டால் பிசிஎம் என்று வைத்தால் போதும். டிவிடி-ஆடியோவுக்கு மட்டும் ஒருமுறை டிவியைப் போட வேண்டியிருக்கும், பல டிஸ்க்குகளில் ஸ்டீரியோவா மல்டிசேனலா என்பதைத் திரை மெனுவில்தான் தேர்ந்தெடுக்க முடியும். பெட்டியை ஆம்ப்பின் தலைமேல் ஏற்றாதீர்கள், லென்ஸுக்குச் சூடு ஆகாது.