ராடு வாங்குறதுக்கு முன்னாடி கரையைப் படிங்க



விருத்தாசலத்துல கடல் இல்ல. ஆனா நம்ம ஆறு கடலுக்குத்தான் போகுது. பழமலைநாதர் கோயிலை ஒட்டி ஓடுற மணிமுத்தாறு கூடலையாத்தூர்ல வெள்ளாத்தோட சேருது, வெள்ளாறு பரங்கிப்பேட்டையில கடல்ல கலக்குது. ரயில்ல போனா நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி தாண்டி கடலூர் போர்ட் ஜங்ஷன், சுமார் 60 கிலோமீட்டர். ஒரு ஞாயித்துக்கிழமைக்குத் தாராளமா போயிட்டு வரலாம்.

தூண்டில் ஆசை வந்த நண்பர்கள் பலர் முதல்ல ஆன்லைன்ல ராடு ஆர்டர் போடுறாங்க, பார்சல் வந்த பிறகுதான் "எங்க போடலாம்?"னு கேக்குறாங்க. இந்த வரிசையை மாத்தணும். இடம்தான் கியரை முடிவு பண்ணும். அதனால இந்தப் பாடமும் இடத்துல இருந்தே தொடங்குது.

1. மணல் கரை

தேவனாம்பட்டினம் சில்வர் பீச் மாதிரி இடத்துல நின்னதும் தூண்டில் போடாதீங்க. கொஞ்சம் உயரமான மணல் மேட்டுல நின்னு 20 நிமிஷம் அலையை மட்டும் பாருங்க.

அலை வெள்ளையா உடையுற இடத்துல அடியில மணல் திட்டு இருக்கு. திட்டுக்கும் கரைக்கும் நடுவுல நிறம் கொஞ்சம் கருத்து, அலை உடையாம ஒரு பட்டை தெரியும். அதுதான் பள்ளம். அலை கிளறி விடுற புழு, சின்ன நண்டு, இறால் எல்லாம் அங்க சேரும், அதைத் தின்ன கிழங்கானும் கெளுத்தியும் வரும். பல நேரம் இந்தப் பள்ளம் கரையில இருந்து 20, 30 மீட்டர்லயே இருக்கும். 100 மீட்டர் வீசுறவர் மீனைத் தாண்டி வீசிட்டு இருப்பார்.

திட்டு வரிசையில ஒரு இடத்துல மட்டும் இடைவெளி இருக்கும். அங்க அலை உடையாது, நுரை கடல் பக்கமா நகரும். கரைக்கு வந்த தண்ணி திரும்பிப் போற வழி அது, ரிப் கரண்ட்னு சொல்வாங்க. தண்ணியோட இரையும் வெளிய போறதால மீன் அந்த ஓரத்துல காத்திருக்கும். கடல் அமைதியா இருக்குன்னு நினைச்சு குளிக்க இறங்குறவங்களை இழுத்துட்டுப் போறதும் இதே இடம்தான். அதனால அதன் ஓரத்துல தூண்டில் போடுங்க, முழங்காலுக்கு மேல தண்ணியில இறங்காதீங்க.

2. முகத்துவாரம்

கடலூர் கரையில ஓதத்தோட ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. திறந்த கரையில அது பெருசாத் தெரியாது. ஆனா பரங்கிப்பேட்டை வெள்ளாறு, கடலூர் உப்பனாறு மாதிரி முகத்துவாரங்கள்ல நல்லாவே தெரியும். தண்ணி வத்தும்போது ஆத்துக்குள்ள இருந்த இறாலும் பொடி மீனும் வெளிய வரும். கொடுவா அந்தத் திருப்பத்துல நிக்கும்.

ஏற்றம் ஒரு நாளைக்கு ரெண்டு முறை வரும், தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் வேகமா இருக்கும். வீட்டு தினசரி காலண்டரே போதும். சரியான நேரம் வேணும்னா ஐதராபாத்ல இருக்குற இன்காய்ஸ் நிறுவனத்தோட ஓத அட்டவணையைப் பாருங்க.

3. கல்லு

கடலூர் பக்கம் இயற்கைப் பாறைக் கரை இல்லாததால, இங்க பாறை மீன்பிடிப்புன்னா பெரும்பாலும் கொட்டின கல்லுதான். கரை அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள்ள நீட்டிக் கட்டுற கல் சுவருக்கு அரசுக் கோப்புலயே "தூண்டில் வளைவு"ன்னுதான் பேர்!

நம்ம கிழக்குக் கரையில வருஷக் கணக்குல பார்த்தா மணல் தெற்கே இருந்து வடக்கே நகருது. கல் சுவர் குறுக்க வந்தா தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் அரிக்கும். புதுச்சேரி துறைமுகத்துக்கு வடக்கே கரை காணாமப் போனது இப்படித்தான். நமக்கு இதுல ஒரு குறிப்பு இருக்கு: ஆழம் வேணும்னா பொதுவா வடக்குப் பக்கமும் முனையும் பாருங்க. கல் இடுக்குல களவாவும் செப்பிலியும் ஒளிஞ்சிருக்கும்.

இப்ப முக்கியமான விஷயம். கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில 2024 மே 6 அன்னைக்கு அலை இழுத்து 5 பயிற்சி மருத்துவர்கள் இறந்தாங்க. நம்ம வயசுக்காரங்கதான். அவங்க மீன் பிடிக்கப் போகல. "கள்ளக்கடல்" எச்சரிக்கை அதுக்கு முன்னாடியே வந்திருந்துச்சு. எங்கேயோ தெற்கு இந்தியப் பெருங்கடல்ல கிளம்புற அலை, இங்க காத்தே இல்லாத நாள்லயும் வந்து அடிக்கும். அதனால:

- கிளம்புற அன்னைக்குக் காலையில இன்காய்ஸ் எச்சரிக்கையைப் பாருங்க. இருந்தா பயணத்தைத் தள்ளிப் போடுங்க.
- ஈரமா இருக்குற கல், பாசி படிஞ்ச கல், ரெண்டுலயும் நிக்காதீங்க. அலை அங்க வரைக்கும் வருதுன்னு அர்த்தம்.
- கடலுக்கு முதுகைக் காட்டாதீங்க. தனியாப் போகாதீங்க. லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டாதீங்க.
- அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போ கல்லுப் பக்கமே வேண்டாம்.

4. இப்பதான் கியர்

மணல் கரைக்கு: 11, 12 அடி ராடு, 5000 அல்லது 6000 சைஸ் ரீல், 0.35 மி.மீ. தங்கூஸ் 200 மீட்டர், 80 முதல் 120 கிராம் ஈயம். நீள ராடு, வீச மட்டுமில்ல, நரம்பை அலைக்கு மேல தூக்கிப் பிடிக்கவும் உதவும்.

கல்லுக்கு: 8, 9 அடி ராடு, 4000 ரீல், 0.40 மி.மீ. தங்கூஸ், 20 முதல் 40 கிராம் ஈயம். ஈயத்தை மட்டும் மெல்லிசான தனி நரம்புல கட்டுங்க. கல்லுல மாட்டினா ஈயம் மட்டும் அறும், மீன் மிஞ்சும். தக்கை போட்டா மாட்டுறதே குறையும்.

ஒரே ராடுதான் வாங்க முடியும்னா 10 அடி.

100 கிராம் ஈயத்தை முழு வேகத்துல வீசும்போது நரம்பு அறுந்தா அது தோட்டா மாதிரி பறக்கும். அதனால முனையில ராடு நீளத்தைப் போல ரெண்டு மடங்குக்குத் தடிமனான நரம்பு கட்டணும். 100 கிராமுக்கு சுமார் 16 கிலோ தாங்குற நரம்பு. ரீல் டிராக்கை மெயின் நரம்பு தாங்குற எடையில கால் பங்குக்கு வைங்க. லக்கேஜ் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தா தெரிஞ்சிடும்.

கிழங்கானுக்கு 8ஆம் நம்பர் முள், கெளுத்திக்கு 1/0. முதல் வகையில நம்பர் ஏற ஏற முள் சின்னதாகும், "/0" வந்துட்டா ஏற ஏற பெருசாகும். இரைக்குப் பச்சை இறாலும் கணவாய்த் துண்டும் போதும்.

5. நம்ம ஊர் சப்ஜெக்ட்: வளையம்

ராடுல நரம்பு ஓடுற வளையத்துக்கு உள்ள மின்னுறது செராமிக். பெரும்பாலும் அலுமினா, விலை கூடினதுல சிலிக்கான் கார்பைடு. உப்பும் மணலும் ஒட்டின நரம்பு வெறும் உலோகத்துல மெல்ல மெல்லக் காடி வெட்டும். மோஸ் அளவுகோல்ல வைரம் 10னா அலுமினா 9, அதனால தாங்கும். ஆனா செராமிக் எவ்வளவு கடினமோ அவ்வளவு நொறுங்கும், அது இந்த ஊர்ல யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்ல. ராடு கல்லுல விழுந்தா கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், அப்புறம் அந்த வளையமே நரம்பை அறுக்கும்.

டெஸ்ட் சுலபம்: காது குடையுற பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளயும் சுத்துங்க. பஞ்சு இழை மாட்டினா அங்க விரிசல். கடையில வாங்கும்போதும், ஒவ்வொரு பயணத்துக்கு முன்னாடியும் செய்யுங்க. வீட்டுக்கு வந்ததும் ராடையும் ரீலையும் நல்ல தண்ணியில கழுவுங்க.

6. பிடிச்ச பிறகு

கெளுத்தியோட முதுகு முள்ளும் பக்க முள்ளும் விஷம். குத்திட்டா தாங்கக்கூடிய சூட்டு வெந்நீர்ல, 45 டிகிரிக்கு மேல போகாம, முக்கி வைங்க. வலி குறையும், அப்புறம் டாக்டர்கிட்ட போங்க. பலூன் மாதிரி ஊதுற பேத்தை மீனைத் திருப்பி விடுங்க. அதோட விஷம் சமைச்சாலும் போகாது. அறுந்த நரம்பைக் கரையில போடாதீங்க. ஜனவரியில இருந்து மார்ச் வரை ஆமை முட்டையிட ஏறுற கரை இது.

கரைவலை இழுக்குற இடத்துலயும் படகு வர்ற வழியிலயும் தூண்டில் வேண்டாம். அங்க இருக்குறவங்களுக்கு அது பொழப்பு. "அண்ணே, இங்க போடலாமா?"ன்னு கேளுங்க. எந்தத் திட்டு போன வாரம் நகர்ந்துச்சுன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

முதல் பயணத்துக்கு ராடே வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு நண்பர். திட்டு, பள்ளம், இடைவெளி மூணையும் வரைஞ்சு, நேரத்தைக் குறிச்சுட்டு வாங்க. அந்தப் படத்தைப் பார்த்து அப்புறம் ஆர்டர் போடுங்க.